கிடாயைத் தின்கிறோம், கழுதையை ஏன் விடுகிறோம்?

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 12

தென்கொரிய நாடாளுமன்றம் நாய் இறைச்சி வணிகத்தைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. 2027 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வரும் என்கிறார்கள். செய்தியைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்த கையோடு குடல் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். நாய்க்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயம் ஏன்? என் கருத்து இதுதான்: எல்லாம் மதம். சாமிக்கு வாகனமாக இருப்பதைத் தின்ன மாட்டோம், மற்றதைத் தின்போம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.
(அரசரடி வாசகர்)

ஜனவரி 13

வாகனக் கணக்கை வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. திருப்பரங்குன்றத்து முருகனின் கொடியில் இருப்பது சேவல். அவனைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பும் வழியில் நாட்டுக்கோழி வறுவலுக்காக வண்டியை ஓரங்கட்டுபவர்கள் ஏராளம். பாண்டியர் கொடியில் இருந்தது மீன். அவர்களுடைய தலைநகரம்தான் இன்று அயிரை மீன் குழம்புக்குப் பேர்போனது. ஆடு அக்கினி தேவனின் வாகனம் என்கிறது புராணம். அதை முன்னிட்டு எந்தக் கிடாயும் உயிர் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுபக்கம், மதுரை வீதிகளில் நடக்கும் எந்தத் திருவிழாவிலும் சாமி கழுதைமேல் ஏறி வருவதில்லை. ஆனாலும் கழுதைக் கறியை நினைத்தாலே நமக்குக் குமட்டுகிறது.

நான் கால்நடைத் துறையில் உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆடு மாடுகளை உயிரோடும் உரித்தும் பார்த்த அனுபவம் உண்டு. தத்துவம் எனக்கு வராது.

ஜனவரி 14

புல் தின்பதைத் தின்கிறோம், கறி தின்பதை விடுகிறோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிலத்தில் நடப்பவற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். ஒரு விலங்கு தின்னும் தீனியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகத் தேறும் என்பது பொதுவான கணக்கு. புலியை வளர்த்துத் தின்ன வேண்டுமானால் முதலில் அதற்கு ஆடு போட வேண்டும். அந்த ஆட்டை நாமே தின்றுவிடலாம். ஆனால் தண்ணீருக்குள் இந்த விதி செல்லாது. கண்மாயில் பிடிக்கும் விரால் மீன் மற்ற மீன்களை விழுங்கி வளர்வது, வஞ்சிரமும் அப்படியே. கோழி புழுவையும் பூரானையும் கொத்தித் தின்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். குதிரையும் கழுதையும் சுத்தமான புல் தின்னிகள், அவற்றை நம்மூரில் யாரும் சட்டியில் போடுவதில்லை.

ஜனவரி 18

அலங்காநல்லூர் சல்லிக்கட்டு நேற்று முடிந்தது. அதை ஒட்டி மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த விவாத இழை எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும்.

மார்வின் ஹாரிஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், இந்தியாவில் மாட்டைக் கொல்லாமல் வைத்திருப்பது மூடநம்பிக்கை அல்ல, கணக்கு என்று வாதிட்டார். உழவுக்கு எருது வேண்டும், எருதுக்குப் பசு வேண்டும், சாணம் எருவாகவும் எரிபொருளாகவும் பயன்படும். பஞ்ச காலத்தில் பசிக்காக மாட்டை அடித்துத் தின்றுவிட்டால் மழை பெய்யும்போது உழ முடியாது. ஆகவே தின்னத் தூண்டும் பசியைத் தடுக்கும் அளவுக்கு வலுவான தடை தேவைப்பட்டது என்பது அவர் கருத்து. உழவு மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி டிராக்டர் வந்த பிறகு சரிந்திருக்க வேண்டுமே! எங்கள் ஊரில் ஏர் மாடு கண்ணில் பட்டு வெகு காலம் ஆகிறது, தடை மட்டும் அப்படியே இருக்கிறது.

சட்டத்தையும் பாருங்கள். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டை அறுக்கலாம். சட்டத்தின் நோக்கமும் ஹாரிஸின் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. சான்று கேட்டு வருபவர் மாட்டின் வாயைத் திறந்து தேய்ந்த பல்லைக் காட்டுவார். வளர்த்தவர் அந்த இடத்தில் நிற்க மாட்டார், தரகர்தான் நிற்பார். விற்றவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், போய்க் கேட்டால் "வளர்க்கத்தான் கொடுத்தேன்" என்பார். சந்தையில் கைமாறிய கிழட்டு மாடு எங்கே போகும் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

சல்லிக்கட்டுக் காளைக்கு இந்தப் பேச்சே கிடையாது. பாலமேட்டுப் பக்கம் கோயில் காளை ஒன்று செத்தபோது போயிருந்தேன். வேட்டி சாத்தி, மாலை போட்டு, கொட்டடித்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். கொட்டடித்தவர்களில் இரண்டு பேர் மாட்டுக்கறி சாப்பிடுபவர்கள் என்பது எனக்கும் அவர்களுக்கும் தெரியும். அந்தக் காளையைப் பற்றி அவர்களிடம் அப்படி ஒரு பேச்சை எடுத்திருந்தால் முதல் அடி அவர்களிடமிருந்துதான் விழுந்திருக்கும்.

ஜனவரி 19

அப்படியானால் பழகிய விலங்கைத் தின்ன மாட்டோம் என்பதுதானே விதி என்று அரசரடிக்காரர் மடக்குகிறார். இல்லை. நேர்ந்துவிட்ட கிடாயைப் பாருங்கள். குட்டியிலிருந்து பெயர் சொல்லி வளர்ப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளோடு திண்ணையில் படுக்கும். அடுத்தவன் வயலில் மேய்ந்தாலும் சாமி கிடாய் என்று விரட்ட மாட்டார்கள். திருவிழா அன்று அதன் கறிதான் விருந்து. பிள்ளைகள் காலையில் அழுதுவிட்டு மதியம் இலையில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படி உட்கார்ந்தவன்தான்.

ஜனவரி 29

திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் ஊர் ஊராக அசைவ உணவகம் நடத்துபவர்கள் தை மாதம் ஒன்றுகூடி, நேர்த்திக்கடனாக வந்த ஆடு கோழிகளை அறுத்து, அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து, சாமிக்குப் படைத்த பிறகு விடியற்காலையில் எல்லாருக்கும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். தூக்குச்சட்டியோடு கூட்டம் நிற்கும். இதைப் படித்துவிட்டு, "கோயில் என்றாலே சைவம்" என்று மேலே எழுதியிருக்கும் சென்னை அன்பர் தம் கருத்தை மறுபரிசீலனை செய்துகொள்ளட்டும்.

பிப்ரவரி 4

பன்றி.

இதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் உண்டு. முதலாவது, நோய். பன்றிக்கறியில் புழு இருக்கும், ஆகவே முன்னோர்கள் தடுத்தார்கள் என்பார்கள். டிரைக்கினெல்லா என்ற புழுவை 1835-இல்தான் மனித உடம்பில் கண்டார்கள். அது பன்றிக்கறி வழியாக வருகிறது என்பது 1860 வாக்கில்தான் உறுதியாயிற்று. வேகாத கறியைத் தின்றவனுக்குக் காய்ச்சலும் தசைவலியும் வருவதற்கு நாட்கணக்கில் ஆகும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார் என்பதை நம்புவதற்கில்லை. மேலும், ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் மனிதனுக்குத் தொற்றும், ஆளையே கொல்லும். அதற்காக எந்த வேதமும் ஆட்டை விலக்கவில்லை.

இரண்டாவது விளக்கம், மாட்டுக்குக் கணக்குச் சொன்ன அதே ஹாரிஸ் சொன்னது. மேற்காசியாவின் வறண்ட நிலத்தில் பன்றிக்கு வேண்டிய நிழலும் சேறும் கிடையாது. அது புல்லைத் தின்று வாழாது. மனிதன் தின்னும் தானியத்தையே கேட்கும். பாலும் தராது, ஏரும் இழுக்காது. வளர்க்கக் கட்டுப்படியாகாத விலங்கைத் தின்னும் ஆசையையே ஒழித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

மூன்றாவது, மேரி டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1966-இல் முன்வைத்தது. பைபிளின் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில், விரிகுளம்பு உள்ளதும் அசைபோடுவதுமான விலங்கைத் தின்னலாம் என்று விதி இருக்கிறது. ஒட்டகம் அசைபோடும், குளம்பு தேறாது. பன்றிக்குக் குளம்பு உண்டு, அசைபோடாது. எந்தப் பட்டியலிலும் முழுதாக அடங்காமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தீட்டாகிறது என்றார் அவர். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். அடங்காததைக் கண்டால் நமக்கு ஆகாது என்பதற்கு உசிலம்பட்டிப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு: குளத்தில் எல்லா மீனையும் தின்பவர்கள் விலாங்கு சிக்கினால் "பாம்பு மாதிரி இருக்கிறது" என்று கரையில் எறிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம்மூரில் பன்றியை ஒதுக்குவோர் எல்லாரும் லேவியராகமம் படித்தவர்களோ இசுலாமியர்களோ அல்லர். சாக்கடையில் புரளும் பன்றியைப் பார்த்து வளர்ந்தவர்கள். தொழுவத்தில் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றி வேறு, தெருப்பன்றி வேறு என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, பன்றி வளர்ப்புக் கடனுக்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்துவிட்டு, "சாப்பிடுவீர்களா?" என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள்.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் "பன்றி தின்றால் மூளையில் புழு" என்று பின்னூட்டம் போட்டுவிட்டார். பன்றிக்கறியை அரைவேக்காடாகத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டியாகி வலிப்பு வருவது அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். முட்டை வெளியேறுவது குடலில் புழு உள்ள மனிதனின் மலத்தில். அது தண்ணீரிலோ கழுவாத காய்கறியிலோ ஒட்டி அடுத்தவன் வாய்க்குப் போகிறது. ஆகவே கறியையே தொடாத சைவருக்கும் அந்த வலிப்பு வரலாம். பன்றிமேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுகிறோம்.

பிப்ரவரி 11

மூல நோய்க்குப் பன்றிக்கறி நல்லதா என்று கேட்டிருப்பவருக்கு: அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. தண்ணீரும் நார்ச்சத்தும் உதவும், ரத்தம் போனால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு எங்கள் பெரியப்பாவை நினைவுபடுத்துகிறது.

அவருக்கு மூலம். யாரோ சொன்னார்கள் என்று பன்றிக்கறி வாங்கி வந்தார். பெரியம்மா வாசலில் நின்று, உள்ளே கொண்டுவந்தால் நான் வெளியே போகிறேன் என்றார். கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்கும் அப்பால் மூன்று கல்லைக் கூட்டி, புதிதாக வாங்கிய மண்சட்டியை ஏற்றி, பெரியப்பா தாமே சமைத்தார். அம்மியில் அரைத்த மசாலாவைப் பெரியம்மாவே கொட்டாங்கச்சியில் வைத்துக் கொண்டுபோய், பாதி தூரத்தில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார். உப்புப் போதுமா என்றுகூடக் கேட்டார். தின்று முடித்த பிறகு சட்டியைக் கல்லில் போட்டு உடைத்து, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பெரியப்பா வீட்டுக்குள் வந்தார். தெருவில் யாருக்கும் தெரியாது என்று இருவரும் நம்பினார்கள். மணம் தெருக்கோடிவரை போயிற்று. யாரும் கேட்கவும் இல்லை.

அசிங்கமான விலங்கு என்ற வெறுப்பு மட்டும்தான் காரணம் என்றால் பெரியம்மா மசாலா அரைத்துக் கொடுத்திருக்க மாட்டார். அவர் கவலைப்பட்டது சட்டியைப் பற்றி, அடுப்பைப் பற்றி, பார்க்கிற கண்களைப் பற்றி. விலங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் தவறான இடத்தில் தேடுகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கியிருக்கிறது.

மார்ச் 2

இசுலாமிய நண்பர் ஒருவர் சுருக்கமாக எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன்: "எங்களுக்குக் காரணம் தேவையில்லை, கட்டளை போதும். காரணம் தேடி நீங்கள் அலைவதுதான் வேடிக்கையாக இருக்கிறது."

மார்ச் 17

பூச்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே! மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். எங்கள் சிறுவயதில் புற்றுவாயில் விளக்கு வைத்து, கீழே குழியில் பானையைப் பதித்துப் பிடிப்பார்கள். வெயிலில் காயவைத்துப் புடைத்தால் இறகு பறந்துவிடும். வறுத்து, பொரியரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். எண்ணெய்ப் பிசுக்கோடு வேர்க்கடலைச் சுவை. இன்று என் பேரனிடம் இதைச் சொன்னால் வாந்தி எடுப்பதுபோல நடிக்கிறான். அவனுக்கு மிகவும் பிடித்தது இறால் தொக்கு. இறாலுக்கும் பூச்சிக்கும் உறவுமுறை நெருக்கம், இரண்டும் கணுக்காலிகள், ஓட்டையும் காலையும் எண்ணிப் பார்க்கச் சொன்னால் தட்டை நகர்த்திவிட்டுப் போய்விடுகிறான்.

உலகில் சுமார் 200 கோடிப் பேர் பூச்சிகளை உணவாகக் கொள்வதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் கணக்குச் சொன்னது. பன்றியை விலக்கிய அதே லேவியராகமம் சில வகை வெட்டுக்கிளிகளைத் தின்ன அனுமதிக்கிறது.

அயிரையையும் இங்கேயே சேர்க்கிறேன். உயிரோடு வாங்கிவந்து, பாலிலோ தண்ணீரிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு உரசு உரசென்று உரசுவார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். குடலை எடுப்பதில்லை, தலையைக் கிள்ளுவதில்லை, கண்ணோடு முழுதாக வாய்க்குள் போகிறது. அதைச் சப்புக்கொட்டித் தின்னும் மதுரைக்காரர் தவளைக்காலைப் பார்த்தால் எழுந்து ஓடுகிறார். இத்தனைக்கும் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் டன் கணக்கில் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வயலில் பூச்சி பெருகும் என்ற அச்சம் எழுந்து 1987-இல்தான் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். பிடித்துக் கொடுத்தோம், தின்னவில்லை.

மார்ச் 18

எலியை விட்டுவிட்டேன் என்கிறார் மேலூர்க்காரர். அவர் சொல்வது முழுக்கச் சரி: வயல் எலியையும் வெள்ளெலியையும் வளை தோண்டிப் பிடித்துச் சுட்டுத் தின்பவர்கள் வீட்டு எலியைத் தொட மாட்டார்கள். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லையும் அள்ளிக்கொள்வார்கள். உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். அது எங்கே மேய்ந்தது என்பதுதான் கேள்வி. தெருப்பன்றிக்கும் வெண்பன்றிக்கும் நான் சொன்ன வேறுபாடு இங்கே எடுபடுகிறது, பன்றியில் எடுபடவில்லை. ஏன் என்று மேலூர்க்காரர்தான் சொல்ல வேண்டும். (எலியைக் கையால் பிடிப்பவர்கள் எலிக்காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டும், கையில் புண் இருந்தால் தொடாதீர்கள்.)

ஏப்ரல் 25

அழகர் ஆற்றில் இறங்கியாயிற்று, வெயிலும் கூட்டமும் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நினைத்துக்கொண்ட ஒன்று.

அழகர்கோயிலில் பெருமாளுக்குத் தோசை நைவேத்தியம். அவருடைய கோட்டை வாசலைக் காக்கும் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கிடாய் வெட்டுகிறார்கள். மேலமடைப் பாண்டி கோயிலிலும் இதே ஏற்பாடுதான்: பாண்டி முனீசுவரருக்குப் பொங்கல், சமயக் கருப்புக்குக் கிடாய். வேறு பல ஊர்க் கோயில்களில் வெட்டு நடக்கும்போது சைவச் சாமியின் முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள். இரண்டு சாமியும் அக்கம்பக்கத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கிறார்கள். திரை ஒன்றுதான் நிபந்தனை. தின்பதைவிடத் தின்பது யார் கண்ணில் படுகிறது என்பது பெரிதாக இருக்கிறது, சாமிக்கே.

கிடாய் வெட்டை அருகில் நின்று பார்க்காதவர்களுக்காக: ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் நீரைத் தலையிலும் முதுகிலும் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகப் பொருள். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் மூச்சுவிடாமல் அந்த ஈர முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். பங்காளிக்குள் ஏதோ குறை இருக்கிறது என்று முணுமுணுப்பு எழும், ஒருவர் முன்வந்து விழுந்து கும்பிடுவார், இன்னொரு செம்பு நீர் ஊற்றுவார்கள். சிலுப்பியவுடன் குலவைச் சத்தம். காதுக்குள் நான்கு சொட்டு விட்டால் எந்த ஆடும் சிலுப்பும் என்பது கால்நடைக்காரனான எனக்குத் தெரியும், பூசாரிகளுக்கும் தெரியும். ஆனாலும் தின்னப்போகும் விலங்கிடம் சம்மதம் கேட்டதாக ஒரு ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது. கசாப்புக் கடையில் அதுவும் இல்லை.

2003-இல், 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தது மாநில அரசு. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்கியும் விட்டது. அந்த இடைக்காலத்தில் எங்கள் பக்கம் யாரும் கறி தின்னாமல் இல்லை. கோயிலில் வெட்ட முடியாததைத் தோப்பில் வெட்டினார்கள், சாமிக்குத்தான் பங்கு போகவில்லை.

மே 9

"ஆதித் தமிழன் என்ன தின்றான்?" என்று இருவர் எதிரெதிர் முடிவோடு அடித்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் இடம் இருக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கும் கீழடியில் தோண்டியெடுத்த எலும்புகளில் திமில் உள்ள மாடு, எருமை, ஆடு, மான் இனம், காட்டுப்பன்றி எல்லாம் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் வெட்டுத் தடங்களும் உண்டு. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவர் வீட்டு விருந்து, வேட்டைநாய் பிடித்துவந்த உடும்பு. சிலப்பதிகாரத்திலோ மதுரைக்குப் புறத்தே இடைச்சேரியில் கண்ணகி கோவலனுக்குச் சமைக்கும் கடைசி உணவு முழுக்கக் காய்கறி. கோவலன் சமண நோன்பி என்பதால் அதற்கேற்ற பொருள்களையே ஆய்ச்சியர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரே நாட்டில் அன்றைக்கே பல அடுப்புகள் எரிந்தன.

அந்த உடும்பு இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் சிறை. முதுகுவலிக்கு நல்லது என்று எழுதியிருக்கும் அன்பர் அந்தப் பின்னூட்டத்தை நீக்கிவிடுவது அவருக்கு நல்லது.

மே 10

தடை என்பது மேலிருந்து வந்தால் நிலைக்குமா என்ற கேள்விக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். ஜப்பானில் 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றைத் தின்னக்கூடாது என்று ஆணையிட்டார். அங்கே இறைச்சிமேல் இருந்த கூச்சம் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டதை வெளிப்படையாக அறிவித்த பிறகுதான் கதவு திறந்தது. ஐரோப்பாவில் மூன்றாம் கிரகோரி போப் 732-இல் குதிரைக்கறியைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். குதிரை தின்பது பழைய சமயத்தாரின் சடங்கோடு சேர்ந்திருந்தது. 1000-ஆம் ஆண்டு வாக்கில் ஐசுலாந்து கிறித்தவத்தை ஏற்றபோது குதிரைக்கறிக்கு மட்டும் விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. குதிரை அன்றும் இன்றும் அதே குதிரைதான். எந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவன் நீ என்பதைக் காட்ட அதைத் தின்றார்கள், அதே காரணத்துக்காக விட்டார்கள்.

ஜூன் 22

ஒரு மாதமாக யோசித்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் பண்டிகைக்கு நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாய் பிடிப்பார்கள். உரித்து, வாழையிலைமேல் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி, நெஞ்செலும்பு, துண்டு ஈரல், கொஞ்சம் குடல் எல்லாம் வந்தாக வேண்டும். கூறு போடுபவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னாலும் வருத்தமில்லாதபடி கை பார்த்துப் பார்த்து நிறைக்கும். ஒருவருக்கு ஈரல் குறைந்தால் அடுத்த பண்டிகைவரை பேச்சு நிற்கும். சுவரொட்டி என்கிற மண்ணீரலை மட்டும் பிரிக்க முடியாது. அது யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியோ நோயாளியோ இருக்கிறாரோ அங்கே போகும்.

எந்த விலங்கு உணவு என்பதை அந்த வாழையிலைதான் முடிவு செய்கிறது என்று நினைக்கிறேன். நான்கு பேர் பார்க்க, நம்மவர் என்று நாம் கருதுபவரோடு கூறு பிரித்துக்கொள்ளக்கூடியது உணவு. தனியே கொல்லையில் தின்ன வேண்டியது மருந்து. அடுத்தவர்கள் தின்பது அசிங்கம். பெரியப்பாவின் சட்டி உடைந்தது இரண்டாம் வகையில். மாட்டுக்கறிமேல் நாம் சுமத்தியிருப்பது மூன்றாம் வகை. அதில் மாட்டின்மேல் உள்ள பரிவு கொஞ்சம், அதைத் தின்னும் மக்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம் மிகுதி. இதை இந்த இழையில் யாரும் நேரடியாக எழுதவில்லை; சாதியைச் சொல்லாமல் மதுரையில் சட்டியைப் பற்றிப் பேச முடியாது.

நம்பாதவர்கள் வாடகை வீடு தேடிப் பாருங்கள். "சைவர்களுக்கு மட்டும்" என்ற பலகைக்குக் கீழே வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி கறியைப் பற்றியதல்ல. நான் பணிமாற்றத்தில் வந்தபோது நகரத்தின் மேற்குப் பகுதியில் ஒரு வீட்டுக்காரர், முட்டை பரவாயில்லை என்றார், மீன் பரவாயில்லை என்றார், பிறகு "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டார்.

ஜூன் 23

அது எல்லாவற்றையும் விளக்கவில்லை என்கிறார் சென்னை அன்பர். விளக்காதுதான். கழுதையை விளக்கவில்லை. குழந்தைக்குக் குரல் வளம், மஞ்சள் காமாலை வராது என்று சொல்லிக் கழுதையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வாசலிலேயே கறந்து சங்கில் ஊற்றிப் புகட்டுகிறார்கள். அந்தப் பாலுக்கு மருத்துவக் குணம் எதுவும் நிறுவப்படவில்லை, பச்சைப் பாலைப் பிறந்த குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்தும்கூட. ஆனாலும் தாய்மார்கள் கொடுக்கிறார்கள். பால் ஆகும், கறி ஆகாது. ஆந்திரத்தில் சில மாவட்டங்களில் கழுதைக் கறி தின்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது சிரித்தவர்கள் அந்தச் சங்கைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

2025 ஜனவரி 20

இழை மறுபடி உயிர் பெற்றிருக்கிறது. மாவட்டத்தின் கடலை விவசாயிகள் காட்டுப்பன்றியைப் பற்றிக் கேட்கிறார்கள். அரசு இம்மாதம் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். விவசாயி தானாகச் சுட முடியாது. வேலியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள், செத்தது பன்றியாக இல்லாமல் பக்கத்து வயல்காரராக இருந்த வழக்குகள் உண்டு.

2025 பிப்ரவரி 2

ஓராண்டுக்குப் பிறகு அரசரடிக்காரர் கேள்வியின் உண்மைக் காரணத்தை இப்போதுதான் எழுதியிருக்கிறார். மகன் பெங்களூரில் வேலை. மருமகள் குடகு நாட்டுப் பெண். அவர்கள் கல்யாண விருந்தில் பன்றிக்கறிதான் முதன்மை. பொங்கலுக்கு வந்த சம்பந்தி வீட்டார் ஆசையோடு ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்ததை அரசரடிக்காரரின் மனைவி திண்ணையிலேயே வைத்துவிட்டாராம். இப்போது பேச்சுவார்த்தை குறைவு. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

ஐயா, இதை முதல் நாளே எழுதியிருந்தால் லேவியராகமம்வரை போயிருக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்களை அந்தக் கறியைத் தின்ன வைக்க முயலாதீர்கள். மொட்டைமாடியில் ஓர் அடுப்பும் அதற்கென்று ஒரு சட்டியும் போதும். சட்டியை மட்டும் உடைக்காதீர்கள், மருமகள் பார்த்தால் மனம் நோகும். அவரையே சமைக்கச் சொல்லுங்கள். குடகில் அதற்குக் கச்சம்புளி என்று கறுப்பாக ஒரு புளிக்காடி ஊற்றுவார்கள், அது மதுரைக் கடைகளில் கிடைப்பது கடினம், சம்பந்தியிடம் ஒரு புட்டி கேட்டு வாங்குங்கள். கேட்டுப் போனாலே பேச்சு ஆரம்பித்துவிடும். கறியை வளர்ப்புப் பண்ணையில், கால்நடை மருத்துவர் பார்த்து அறுத்த இடத்தில் வாங்குங்கள்; நன்றாக வேக வையுங்கள். உங்கள் மனைவி உப்புப் பார்க்க மேலே வருகிறாரா என்று எழுதுங்கள்.